கேட்டதற்கு விடை சொல்லும் சர்வர்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியையும் திருமழிசையையும் கடந்து சென்றால் குத்தம்பாக்கம் வரும். மேற்கு மாவட்டங்களுக்கும் பெங்களூருக்கும் செல்லும் வண்டிகளுக்கான புறநகர்ப் பேருந்து நிலையத்துக்கென்று சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் தேர்ந்தெடுத்த ஊர் அது. இப்படிப்பட்ட பெரிய நிலையங்களில் ‘விசாரணை’ என்று பலகை மாட்டிய ஜன்னல் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவு பத்து மணிக்கு ஒரு பயணி பெட்டியும் கையுமாக அங்கே வந்து, “சார், சோளிங்கருக்கு இனிமேல் வண்டி உண்டா?” என்று கேட்கிறார். உள்ளே இருக்கும் நேரக் காப்பாளர் பதிவேட்டைப் புரட்டுகிறார். “உண்டு” என்றால் பயணி நடைமேடைக்குப் போவார். “இல்லை” என்றால் இரவைக் கழிக்க இடம் தேடுவார்.

பதிவேடு அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். “பதிவேட்டைக் காணோம், சற்று நில்லுங்கள்” என்று சொல்வது ஒரு வகை. தேட அலுப்புப்பட்டு “இல்லை” என்று சொல்லிவிடுவது மற்றொரு வகை. இரண்டாவது விடையைக் கேட்டவர் வண்டி இருந்தும் தரையில் படுத்து உறங்குவார்.

இந்த ஜன்னல் வேலையை ஒரு கணிப்பொறியிடம் ஒப்படைத்தால் அதற்கு வலைச் சர்வர் என்று பெயர். கேள்வியை வாங்கி விடையைத் திருப்பித் தருகிற நிரல் பகுதியை வேண்டுகைக் கையாளி என்று அழைக்கலாம். சுருக்கமாகக் கையாளி என்போம். குத்தம்பாக்கம் நிலையத்தின் விசாரணைக்கென்று ஒரு சிறு கையாளியை நாமே எழுதுவதாகக் கற்பனை செய்துகொண்டு, அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம். ஓரளவு நிரல் எழுதத் தெரிந்த மாணவர் இதை ஒரு பிற்பகலில் எழுதிவிடலாம். நிரல் அறியாதவர்களும் இதைத் தொடர்ந்து படிக்க இயலும்.

கேள்வியின் வடிவம்

பிரௌசர் எனப்படும் உலாவியின் முகவரிக் கட்டத்தில் ஒன்றைத் தட்டி விசையை அழுத்தியதும் உங்கள் கைப்பேசி சர்வருக்கு ஒரு சிறு கடிதம் அனுப்புகிறது. அக்கடிதம் எப்படி அமைய வேண்டும் என்று வகுத்துள்ள உடன்பாட்டின் பெயர் எச்.டி.டி.பி. என்பது. கம்பியில் அது ரோமன் எழுத்துகளில்தான் செல்லும். இங்கே நம் எழுத்தில் பெயர்த்துத் தருகிறேன்:

கெட் /வேலூர் எச்டிடிபி/1.1
ஹோஸ்ட்: (சர்வரின் பெயர்)
(வெற்று வரி)

முதல் வரியில் மூன்று சொற்கள் உள்ளன. என்ன செய்ய வேண்டும் என்பது முதற்சொல். ‘கெட்’ என்றால் ‘எடுத்துக் கொடு’ என்று பொருள். எதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது சொல். உடன்பாட்டின் எந்தப் பதிப்பின்படி பேசுகிறோம் என்பது மூன்றாவது. அதன்பின் வருபவை தலைப்பு வரிகள். கடைசியில் ஒரு வெற்று வரி வரும். கேட்டு முடித்துவிட்டேன் என்பதற்கு அதுவே அடையாளம்.

ஒவ்வொரு வரியின் இறுதியிலும் 13, 10 என்ற இரண்டு எண்கள் செல்கின்றன. தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். வரி முடிந்ததும் வண்டியை வலப்பக்கம் தள்ளுவது ஒரு செயல். தாளை ஒரு வரி மேலே உருட்டுவது வேறொரு செயல். தொலைத்தட்டச்சுப் பொறிகளின் காலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனி எண்கள் இருந்தன. பொறிகள் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும் எண்கள் நம்மோடு தங்கிவிட்டன. ஆகவே 13, 10, 13, 10 என்று நான்கு எண்கள் அடுத்தடுத்து வந்தால் கேள்வி முடிந்தது என்று கையாளி அறிகிறது.

தொடக்கத்தில் இத்தனை ஏற்பாடுகள் இல்லை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் அணு ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வலைக்கான திட்டத்தை எழுதி, 1990 இறுதியில் நெக்ஸ்ட் என்னும் கணிப்பொறி ஒன்றில் முதல் சர்வரை ஓட விட்டார். ‘இது சர்வர், அணைத்துவிடாதீர்கள்’ என்ற பொருளில் சிவப்பு மையால் எழுதிய சீட்டு அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. அன்றைய கேள்விக்கு ஒரே வரிதான்: ‘கெட்’, அதையடுத்துப் பக்கத்தின் பெயர். விடைக்கும் தலைப்பு வரிகள் கிடையா. பக்கத்தை அனுப்பிவிட்டுச் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். துண்டித்தால் விடை முடிந்தது என்று பொருள். இந்தப் பழைய வழக்கம் மாறியதால் தமிழ்ப் பக்கங்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. அதைப் பின்னர் காண்போம்.

கேட்டு முடிக்கும்வரை கேட்பது

நம் கையாளிக்கு முதலில் ஒரு ஜன்னல் வேண்டும். ஒரு கணிப்பொறியில் 65,535 வரை எண்ணிட்ட ஜன்னல்கள் உண்டு. போர்ட் என்று அவற்றை அழைப்பர். வலைச் சர்வர்கள் வழக்கமாக 80ஆம் எண்ணிலும், பூட்டிய உறையில் பேசும்போது 443ஆம் எண்ணிலும் காத்திருக்கும். வீட்டுப் பரிசோதனைக்கு 8000 போதும். யாரேனும் வந்து தட்டினால் இணைப்பை ஏற்றுக்கொண்டு அவர் சொல்வதைப் படிக்க வேண்டும்.

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் முதலில் தவறுவது இங்கேதான். ஒரு முறை படித்தால் முழுக் கேள்வியும் கைக்கு வந்துவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். மேசைமேல் உள்ள ஒரே கணிப்பொறிக்குள் சோதிக்கும்போது அப்படித்தான் வருகிறது. ஆனால் இணையத்தில் செய்தி குழாய்நீரைப் போன்றது. ஒரு குடம் நீர் ஒரே வீச்சில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிக்னல் நலிந்த இடத்தில் நிற்பவரின் கேள்வி ‘கெட் /வேலூ’ என்று ஒரு துண்டாகவும், மீதி அடுத்த துண்டாகவும் வரக்கூடும். எனவே வெற்று வரி கண்ணில் படும்வரை வந்ததையெல்லாம் ஒரு பையில் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு நேரம் சேர்ப்பது? ஜன்னலுக்கு முன் வந்து நின்று, வாயைத் திறந்து, பத்து நொடிக்கு ஓர் எழுத்து வீதம் பேசும் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். அவரைப் போல் பத்துப் பேர் வந்தால் வரிசையில் நிற்பவர்கள் விடியும்வரை நிற்க வேண்டியதுதான். வேண்டுமென்றே இவ்வாறு செய்யும் நிரல் ஒன்று ஸ்லோலோரிஸ் என்ற பெயரில் 2009இல் வெளிவந்தது. தேவாங்கின் பெயரை வைத்திருந்தார்கள். ஒரே ஒரு கணிப்பொறியிலிருந்து பெரிய சர்வர்களை அது முடக்கிற்று. ஆகையால் நம் கையாளிக்கு இரண்டு எல்லைகள் வேண்டும். குறித்த நேரத்துக்குள் கேள்வி முடியாவிட்டால் இணைப்பை மூடிவிட வேண்டும். கேள்வியின் நீளம் ஓர் அளவைத் தாண்டினாலும் அவ்வாறே. அப்பாச்சி என்னும் புகழ்பெற்ற சர்வர் முதல் வரிக்கு வைத்துள்ள இயல்பான எல்லை 8,190 பைட்.

முழுக் கேள்வியும் வந்த பிறகு முதல் வரியை இடைவெளி உள்ள இடங்களில் வெட்டினால் மூன்று துண்டுகள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ‘400’ என்று பதில் தந்துவிடலாம். ‘நீர் கேட்டது கேள்வியாகவே இல்லை’ என்பது அதன் பொருள். முதல் துண்டு ‘கெட்’ ஆக இல்லாமல் நாம் செய்யாத வேறொரு வேலையாக இருந்தால் ‘405’.

ஊர்ப் பெயரைப் படிப்பது

இரண்டாவது துண்டில்தான் ஊர்ப் பெயர் இருக்கிறது. இங்கே தமிழுக்குரிய சில நுட்பங்கள் வருகின்றன. அவை ஆங்கிலப் பாடநூல்களில் அரிதாகவே பேசப்படுவதால் சற்று நின்று பார்ப்போம்.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணைத் தாங்கும் இடத்தை பைட் என்கிறோம். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யு.டி.எஃப்-8 என்னும் முறையில் மூன்று பைட் தேவை. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் இம்முறையை வரைந்தார்கள். ‘க’ என்ற எழுத்து இதில் 224, 174, 149 என்ற மூன்று எண்களாகும்.

உயிர்மெய்க்கு மேலும் ஒரு படி உண்டு. ‘கு’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறியில் அது ‘க’ ஒரு குறி, உகரத் துணைக்குறி இன்னொரு குறி. மெய்யெழுத்திலும் புள்ளி தனிக்குறியாகவே நிற்கிறது. ‘வேலூர்’ என்ற பெயரை எண்ணுங்கள்: எழுத்து மூன்று; குறி ஆறு; பைட் பதினெட்டு. முகவரியில் செல்லும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவிகிதக் குறியும் இரண்டு இலக்கமுமாக விரித்து எழுதப்படுவதால் மூன்று எழுத்து ஊர் 54 குறிகளாக நீண்டு வந்து சேர்கிறது. கையாளி அதைச் சுருக்கி மீண்டும் வேலூர் ஆக்கிப் படிக்க வேண்டும்.

நம் சோளிங்கர் பயணிக்கு வரக்கூடிய தொல்லை இதைவிட நுட்பமானது. ‘சோ’ என்ற எழுத்தைக் கணிப்பொறியில் இரண்டு வழிகளில் எழுதலாம். ‘ச’வுக்குப் பின் ஓகாரத் துணைக்குறி ஒன்றை இடுவது ஒரு வழி. ‘ச’வுக்குப் பின் இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இடுவது இரண்டாவது வழி. திரையில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். ஆனால் முதல் வழியில் சோளிங்கர் 27 பைட். இரண்டாவதில் 30 பைட். கையாளியின் அட்டவணையில் பெயர் ஒரு வழியிலும், பயணியின் கைப்பேசியில் வேறு வழியிலும் இருந்தால் இரண்டும் பொருந்தா. கையாளி சற்றும் தயங்காமல் ‘404, அப்படி ஓர் ஊரே இல்லை’ என்று விடை தரும். பயணி தாம் எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். எழுத்துப் பிழையே தென்படாது. ஒப்பிடுவதற்கு முன் எல்லாப் பெயர்களையும் ஒரே வழிக்குக் கொண்டுவந்துவிடுவது இதற்குப் பரிகாரம். நிரல் மொழிகளில் இதற்கென்று ஆயத்தமான கட்டளை உண்டு. ஒரே வரிதான், ஆனால் அந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பது ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொண்டு சோதிப்பவருக்கு ஒருபோதும் தெரியவராது.

பெயரைப் படிக்கும் இடத்தில் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. ஊருக்கு ஒரு கோப்பு வீதம் ஓர் அறையில் வைத்து, கேட்ட பெயருள்ள கோப்பை எடுத்துத் தருவதாக எழுதினால் நிரல் மிக எளிதாகிவிடும். ஆனால் கோப்புகளின் உலகில் இரண்டு புள்ளிகள் சேர்ந்து வந்தால் ‘வெளியறைக்குப் போ’ என்று பொருள். ‘/../../’ என்று ஒருவர் கேட்டால் கையாளி அவரை அறை அறையாக வெளியே கூட்டிச் சென்று, காட்டக் கூடாத கோப்புகள் உள்ள அலமாரியில் நிறுத்திவிடும். இது ஏட்டளவில் உள்ள அச்சம் அன்று. அப்பாச்சியின் 2.4.49ஆம் பதிப்பில் இதே குறை புகுந்தது 2021இல் தெரியவந்தது. அவசரமாக வந்த 2.4.50 அதை முழுமையாக அடைக்கவில்லை, 2.4.51 வரவேண்டியிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பழகிய கைகளுக்கே இப்படி நேர்ந்தது. நம் கையாளிக்குப் பாதுகாப்பான வழி, கேட்டவர் தந்த பெயரைக் கொண்டு நேரே கோப்பைத் திறவாமல், நாம் தயாரித்து வைத்த ஊர்ப் பட்டியலில் அப்பெயர் உள்ளதா என்று பார்ப்பதே.

‘இல்லை’யும் ‘தெரியவில்லை’யும்

இனி விடை. எந்த விடையும் மூன்று இலக்க எண் ஒன்றோடு தொடங்கும். 200 என்றால் கேட்டது கிடைத்தது. 404 என்றால் கேட்ட பொருள் இங்கே இல்லை. 500 என்றால் எனக்குள் ஏதோ பழுது. 503 என்றால் இப்போது இயலாது, பிறகு வாருங்கள். இவ்வெண்கள் வெறும் சம்பிரதாயம் என்று எண்ணி, எல்லாவற்றுக்கும் 200 அனுப்பும் நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறு என்பதை நம் நிலையத்திலிருந்தே காட்டலாம்.

சோளிங்கர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இரவு வண்டிகள் முடிந்துவிட்டன. இதற்கு உரிய விடை 200. உள்ளே ‘இனி வண்டி இல்லை’ என்ற செய்தி. கேள்வியும் சரி, விடையும் சரி. இல்லை என்பதே உண்மை. அடுத்து, கேட்ட பெயரில் ஊரே இல்லை; அதற்கு 404. மூன்றாவதாக, அட்டவணை இருக்கும் வட்டு படிக்க முடியாமல் போனது; அதற்கு 500. கவனிக்க வேண்டியது இந்த மூன்றாவது நிலையையே. நிரல் எழுதுபவர் சோம்பியிருந்தால், படிக்க முடியாத அட்டவணை வெற்று அட்டவணையாகி, வெற்று அட்டவணை ‘வண்டி இல்லை’ என்ற விடையாகிவிடும். பதிவேட்டைத் தேடாமல் ‘இல்லை’ என்ற நேரக் காப்பாளர் இவரே.

இதே நிலையைப் பிளஸ் டூ தேர்வு முடிவு நாளுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதும் தேர்வு அது. 1976இல் தோன்றிய தேசியத் தகவலியல் மையத்தின் இணையதளத்தில் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் இட்டு முடிவைப் பார்க்கிறார்கள். ‘தற்போது இயலவில்லை, சற்றுப் பொறுத்து வருக’ என்பதற்கும் ‘இந்தப் பதிவெண் இல்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நிரல் எழுதுபவருக்கு ஓர் எண். திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கோ அது வேறு. இப்படிப்பட்ட இடத்துக்குக் கையாளி எழுதுபவர், விடை கிடைத்த பாதையைவிடக் கிடைக்காத பாதைகளுக்கே அதிக வரிகள் எழுத வேண்டியிருக்கிறது. நம் சிறு கையாளியிலும் முழு வேலையையும் ஒரு வேலிக்குள் வைத்து, உள்ளே எது முறிந்தாலும் 500 என்று சொல்லி வெளியேறும்படி செய்ய வேண்டும். முறிந்ததன் காரணத்தை நம் பதிவேட்டில் குறித்துக்கொண்டால் போதும். கேட்டவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

எட்டா, பதினான்கா, நாற்பத்திரண்டா?

விடையின் உருவம் இது. நிலையத்தின் பெயரை மட்டும் அனுப்புவதாகக் கொள்வோம்:

எச்டிடிபி/1.1 200 ஓகே
கன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/பிளெய்ன்; கேர்செட்=யுடிஎஃப்-8
கன்டென்ட்-லெங்த்: 42
(வெற்று வரி)
குத்தம்பாக்கம்

மூன்றாம் வரி விடையின் நீளத்தைச் சொல்கிறது. முதற்காலத்தில் இணைப்பைத் துண்டித்து முடிவைத் தெரிவித்தார்கள் என்று கண்டோம். ஒரு பக்கத்தில் பத்துப் படங்கள் இருந்தால் பத்து முறை இணைத்துப் பத்து முறை துண்டிப்பது வீண் வேலை. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 பதிப்பில் இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது இயல்பாக்கப்பட்டது. அப்படியானால் ஒரு விடை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது? அதற்கு நீளத்தை முன்கூட்டியே சொல்வது ஒரு வழி. உலாவி அந்த எண்ணை நம்பி அத்தனை பைட்டை மட்டும் எண்ணி எடுத்துக்கொள்ளும்.

என் மாணவர்கள் சிலர் பைத்தான் மொழியில் இத்தகைய கையாளி ஒன்றை எழுதினார்கள். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை அனுப்பியபோது ஒரு குறையும் இல்லை. தமிழில் அனுப்பியபோது திரையில் ‘குத்’ என்று வந்து, அடுத்து ஒரு சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தோன்றி நின்றுவிட்டது. எழுத்துருக் கோளாறு என்று ஒருவரும், உலாவி பழசு என்று மற்றொருவரும் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் உடனே விளங்கவில்லை. தாளில் எழுதி எண்ணிய பிறகே தெரிந்தது. குத்தம்பாக்கம் என்பதில் எழுத்து எட்டு. குறி பதினான்கு. பைட் நாற்பத்திரண்டு. நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் அது குறிகளை எண்ணிப் பதினான்கு என்கிறது. மாணவர்கள் அந்தப் பதினான்கை அப்படியே மூன்றாம் வரியில் இட்டுவிட்டார்கள். உலாவியோ பதினான்கு பைட்டை எண்ணி எடுத்தது. 12 பைட்டில் நான்கு குறிகள், அதாவது ‘குத்’. மீதி இரண்டு பைட் அடுத்த ‘த’வின் முக்கால்வாசிகூட இல்லாத துண்டு, அதுதான் சாய்சதுரம். பெயரின் மூன்றில் இரண்டு பங்கு கம்பியிலேயே நின்றுவிட்டது.

ஒரு சொல்லானதால் குறை கண்ணில் பட்டது. முப்பது வண்டிகளின் தமிழ்ப் பட்டியலாக இருந்திருந்தால் ஏறக்குறைய முதல் பத்து வண்டிகள் மட்டும் ஒழுங்காகத் தெரிந்து, பின்னிரவு வண்டிகள் எல்லாம் மறைந்திருக்கும். வெட்டு ஒரு வரியின் இறுதியில் விழுந்திருந்தால் சாய்சதுரம்கூட இருக்காது. ஆங்கிலப் பக்கத்தில் முப்பதும் இருக்கும். தமிழில் படித்தவர் வண்டி இல்லை என்று திரும்புவார். ஆங்கிலத்தில் படித்தவர் ஏறிப் போவார். தவறு எங்கும் பதிவாகியிருக்காது, ஏனெனில் சர்வரின் கணக்கில் இரண்டும் 200.

எதிர்ப்புறமாக, நீளத்தை மிகுத்துச் சொன்னால் உலாவி வராத பைட்டுகளுக்காகச் சுழன்றுகொண்டே காத்திருக்கும். பரிகாரம் வேலையின் வரிசையில் இருக்கிறது. முதலில் விடை முழுவதையும் பைட்டுகளாக மாற்ற வேண்டும். பிறகு அந்த பைட்டுகளை எண்ண வேண்டும். கடைசியாகத் தலைப்பு வரிகளை எழுத வேண்டும். எழுதும் முறைப்படி தலைப்பு முதலில் வருகிறது என்பதற்காக அதை முதலில் தயாரித்தால் தவறு நேரும்.

ஆயத்தமான நிரல் நூலகங்களைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கணக்கைப் பெரும்பாலும் நூலகமே போட்டுவிடும். 2015இல் வந்த இரண்டாம் பதிப்பும் 2022இல் வந்த மூன்றாம் பதிப்பும் வரிவரியாக எழுதும் முறையை விட்டுவிட்டு, சிறு சட்டங்களாகக் கட்டி அனுப்புகின்றன. ஆனால் கெட், 200, 404 என்பவற்றின் பொருள் மாறவில்லை.

மறதியும் நெரிசலும்

சர்வர் என்றதும் உணவு விடுதியில் இட்லி கொண்டுவருபவர் உங்கள் நினைவுக்கு வந்திருந்தால் வியப்பில்லை. பெயர்ப் பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். விடுதிச் சர்வர், மூன்றாம் மேசைக்காரர் சர்க்கரை இல்லாத காபி கேட்டார் என்று நினைவு வைத்திருப்பார். வலைச் சர்வருக்கு அந்த நினைவு கிடையாது. விடை தந்த மறுகணமே கேட்டவரை மறந்துவிடும். நினைவு வேண்டுமென்றால் கையில் ஒரு டோக்கன் கொடுத்தனுப்பி, அடுத்த முறை அதைக் காட்டச் சொல்ல வேண்டும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி 1994இல் அமைத்த குக்கி என்பது அந்த டோக்கன்தான். வண்டி நேரம் சொல்லும் நம் கையாளிக்கு அது தேவையில்லை. மறதி இங்கே நன்மையும்கூட. நினைவில்லாத கையாளிகள் பத்தை அடுத்தடுத்து உட்கார வைத்தால், யார் எந்த ஜன்னலுக்குப் போனாலும் ஒரே விடை கிடைக்கும்.

பத்து ஜன்னல்கள் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்குப் போடலாம். ஒரு கேள்விக்குத் தொடக்கம் முதல் முடிவுவரை 0.2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை முடித்த பின்னரே அடுத்தவரை ஏற்கும் கையாளி நொடிக்கு ஐந்து பேருக்கு விடை தரும். பேருந்து நிலையத்துக்கு இது தாராளம். ஆனால் தேர்வு முடிவு நாளில் ஏழு லட்சம் பேர் வந்தால் 1,40,000 நொடி வேண்டும். கடைசி மாணவருக்கு முடிவு தெரிய ஏறத்தாழ 39 மணி நேரம் ஆகும்.

அந்த ஏழு லட்சம் பேரும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவதாகக் கொண்டால் நொடிக்கு ஏறக்குறைய 1,167 பேர். வருகை வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் ஒரே சமயத்தில் உள்ளே இருப்பவர்களின் தொகை கிடைக்கும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது. 1,167ஐ 0.2ஆல் பெருக்கினால் சுமார் 233. அதாவது 233 கேள்விகளை ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கத் தெரிந்த சர்வர் தேவை. முடிவைக் குறுஞ்செய்தி வழியாகவும் டிஜிலாக்கர் வழியாகவும் தருவதால் இந்த வருகை பல வாயில்களுக்குப் பிரிகிறது.

அந்த 0.2 நொடியில் கணிப்பொறியின் மூளை உழைக்கும் நேரம் மிகச் சிறிது. மற்றதெல்லாம் காத்திருப்பு: கேள்வியின் அடுத்த துண்டு வரக் காத்திருப்பது, வட்டிலிருந்து செய்தி வரக் காத்திருப்பது, விடையைக் கம்பி ஏற்றுக்கொள்ளக் காத்திருப்பது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தனிப் பணியாளை ஒதுக்கினால் பெரும்பாலானோர் கைகட்டி நிற்பர். பத்தாயிரம் பேரை ஒரே கணிப்பொறி தாங்குமா என்ற கேள்வியை டான் கெகல் 1999இல் எழுப்பினார். இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் சர்வர், ஒரே பணியாள் பல ஜன்னல்களைச் சுற்றிவந்து, எங்கே செய்தி வந்திருக்கிறதோ அங்கே மட்டும் நின்று வேலை செய்யும் முறையைப் பரவலாக்கியது. ஒரே அடுப்பில் பல பாத்திரங்களை மாற்றி மாற்றி வைக்கும் சமையல்காரியின் சாமர்த்தியம் இது. குத்தம்பாக்கத்துக்கு வடகிழக்கே அம்பத்தூரில் எழுந்துள்ள தரவு மையங்களில் அடுக்கடுக்காக நிற்கும் பொறிகள் பலவற்றில் இவ்வகைச் சர்வர்கள் ஓடுகின்றன.

எந்தச் சர்வருக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையை நெருங்கும்போது எல்லோரையும் உள்ளே விட்டு எல்லோருக்கும் தாமதம் செய்வதா, சிலருக்கு 503 தந்து ‘முப்பது நொடி கழித்து வாருங்கள்’ என்பதா? என் தீர்ப்பு இரண்டாவதற்கே. கேட்டவருக்குத் தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது அதில் தெரிகிறது. எத்தனை நொடி என்று சொல்லத் தலைப்பு வரி ஒன்றும் உண்டு.

உங்களிடம் ஒரு சாதாரணக் கணிப்பொறியும் பைத்தான் மொழியும் இருந்தால் இன்றே 8000ஆம் ஜன்னலைத் திறந்து பாருங்கள். முதலில் குத்தம்பாக்கம் என்ற பெயரை அனுப்பி 42 வருகிறதா என்று பாருங்கள். பிறகு அம்பத்தூரையும் பூந்தமல்லியையும் அனுப்புங்கள். இரண்டுக்கும் எழுத்து ஆறு, பைட் முப்பது. ஆவடிக்குப் பன்னிரண்டு. அடுத்து, கொரட்டூர் என்பதை ஒருமுறை ஒகரத் துணைக்குறி ஒன்றே இட்டும், மறுமுறை ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே விடை வந்தால் உங்கள் கையாளி ஊர்ப் பெயரைச் சரியாகப் படிக்கிறது. ஒன்றுக்கு 404 வந்தால், மேலே சொன்ன அந்த ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை.